வனைதல்
மூக்கில் வந்த தோல் புற்றை அகற்றிவிட்டு பிளாஸ்டிக் சர்ஜரி செய்வார்கள் என்றதும் என் பெரியம்மா மிரண்டுபோனார்: "முகத்துலயா பிளாஸ்டிக்க வைப்பாங்க?" பிளாஸ்டிக் சர்ஜரியை ‘நெகிழி அறுவை’ என்று எழுதுவோரும் அவரைப் போலவே பொருளை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். ‘பிளாஸ்டிகோஸ்’ என்ற கிரேக்கச் சொல் களிமண்ணைப் போல உருவாக்குவதைக் குறித்தது. ஜெர்மானிய மருத்துவர் கிரேஃபே மூக்குச் சீரமைப்பு பற்றிய தம் நூலுக்கு ‘ரைனோபிளாஸ்டிக்’ என்று 1818-இல் பெயரிட்டார். செயற்கை பிளாஸ்டிக்கான பேக்லைட் உருவானதோ 1907-இல். பின்னால் வந்த பொருள் முன்னதை விழுங்கிவிட்டது. பெரியம்மாவுக்கு வைத்தது அவருடைய நெற்றித் தோலையே. இரத்த ஓட்டம் அறாதபடி அதைத் திருப்பி மூக்கில் பொருத்தி, அது அங்கே ஊன்றியபின், சில வாரம் கழித்து, நெற்றியோடு இணைத்திருந்த காம்பை வெட்டினார்கள். அந்தத் தோலுக்கு ‘மடல்’ என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! தாழை மடலும் அடி விடாமல்தானே விரிகிறது. ‘சீரமைப்பு அறுவை’ புழக்கத்தில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் கிரேக்கச் சொல்லின் உயிர் நம் ‘வனைதல்’ என்ற சொல்லில் இருக்கிறது. குயவர் கலம் செய்வதற்கும், அழகுபடுத்துவதற்கும் அந்த ஒரே சொல். ‘வனைவு அறுவை’ என்று சொல்லியிருந்தால் பெரியம்மா அஞ்சியிருக்க மாட்டார்.