கணக்கு படித்தவரும் தூக்கணாங்குருவியும்

மாற்றலாகி வெளிமாநிலம் வரும் நம்மவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஒரே மாதிரிதான். ஆபீசில் எல்லோரும் மராத்தியில் சிரித்துப் பேசுவார்கள். நாம் டிபன் பாக்ஸோடு தனியாக உட்கார்ந்திருப்போம். சொந்த ஊரிலேயே ஒருவருக்கு இடமில்லாமல் போனால்? சாலிம் அலிக்கு அப்படித்தான் ஆனது. பறவை மனிதர் என்று இன்று கொண்டாடுகிறோம். அதற்கு முன் அவர் வேலையில்லாத மனிதர்.

1896-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் தவறிவிட, தாய்மாமன் வளர்த்தார். கல்லூரியைப் பாதியில் விட்டு பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்தார். 1917-ல் திரும்பி, தாவர் காமர்ஸ் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். நம்ம ஆள்தான்! ஆனால் மனசு பேரேட்டில் நிற்கவில்லை.

1926-ல் பம்பாய் மியூசியத்தில் வேலை கிடைத்தது. 1928-ல் லீவு போட்டு பெர்லின் போய், ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பறவையியல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், நிதியில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையிலும் இடம் கிடைக்கவில்லை.

மனைவி தெஹ்மினாவோடு அலிபாக் பக்கத்தில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. தினமும் போய் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்தும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பிறகு அடுத்த கூட்டை ஆரம்பித்து இன்னொரு துணையைத் தேடும். நம் ஊர்க் கிணற்றடியில் எத்தனை கூடு பார்த்திருக்கிறோம், இதைக் கவனித்தோமா? 1931-ல் அவர் எழுதி வெளியிட்ட அந்தக் கட்டுரைதான் பறவையியலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1939-ல் தெஹ்மினா இறந்தார். அந்தத் துக்கத்திலும் பறவைகளை விடவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது.

அவர் மனிதர்களை விட்டு ஓடினார் என்று எனக்குத் தோன்றவில்லை. குருவிகளிடம் போனவர், அவற்றின் வழியாகவே மனிதர்களிடம் திரும்பி வந்தார். 1987-ல் காலமானார். 1990-ல் அவர் பெயரில் தொடங்கிய பறவையியல் மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கோயம்புத்தூர் பக்கம், ஆனைகட்டியில்!

புது ஊரில் பேச்சுத்துணை இல்லையே என்று புலம்பும் வீடுகளுக்கு ஒரு யோசனை. பால்கனிக்கு வரும் ஒரு பறவையின் பெயரையாவது, பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் மொழியில் கேட்டுப் பாருங்கள்.