மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெண்களின் பெயர்: தமிழக வரலாறு

மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சாகும் பெயர் வரிசைக்குத் தனிப் பொருள் உண்டு. முதல் பெயர் பொதுவாக ஆய்வில் பெரும்பங்கு ஆற்றிக் கட்டுரையை எழுதியவருடையது. கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வை வழிநடத்திய மூத்தவருடையது. இடையில் வருபவர் என்ன செய்தார் என்பதை வரிசையைப் பார்த்து அறிய முடியாது. பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும்போது முதல் பெயரோடு ‘மற்றும் பிறர்’ என்று சேர்த்து முடித்துவிடுவது வழக்கம். பெண்கள் மருத்துவம் படிக்க வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பின்னும், முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் அவர்கள் பெயர் குறைவாகவே காணப்படுகிறது. தமிழகத்தில் நடந்த இரண்டு முக்கியமான ஆய்வுகள் இந்த வரலாற்றின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன.

பெண்களின் மருத்துவக் கல்வி

1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878-இல்தான் என்பதை நோக்க, சென்னையின் இந்த முடிவு காலத்தால் முந்தியது. ஷார்லீப் பின்னர் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றுச் சென்னை திரும்பினார். ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்காக 1885-இல் கோஷா மருத்துவமனை தொடங்கப்பட அவரே காரணமானார். திருவல்லிக்கேணியில் உள்ள இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே.

முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஐடா ஸ்கடர் 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கு ஆண்கள் சேர்க்கப்பட்டது 1947-இல்தான். இப்படிப் பெண் மருத்துவர்கள் உருவானார்கள். ஆனால் அவர்களிடம் சமூகம் எதிர்பார்த்தது பிரசவம் பார்ப்பதும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்வதுமே. ஆய்வு என்பது வேறு உலகமாக இருந்தது.

லூசி வில்ஸ்

ஷார்லீப் படித்த அதே லண்டன் பள்ளியில் படித்தவர் லூசி வில்ஸ். 1928-இல் இந்தியா வந்த அவர், கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் இரத்தசோகையை முதலில் பம்பாயிலும், பின்னர் குன்னூரிலும் சென்னையிலும் ஆராய்ந்தார். சென்னையில் அவர் பணியாற்றிய இடம் கோஷா மருத்துவமனை. ஈஸ்ட் சாற்றிலிருந்து செய்யப்படும் ‘மார்மைட்’ என்ற மலிவான உணவுப்பொருளைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள்.

இம்முடிவை அவர் 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். கட்டுரையில் இருந்தது அவர் ஒருவர் பெயர் மட்டுமே. ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் ‘வில்ஸ் காரணி’ என்றே அழைக்கப்பட்டது. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் மாத்திரையில் இரும்புச்சத்தோடு இருப்பது இதுதான்.

பெண்களுக்கான மருத்துவமனை, பெண்களின் நோய், தனியாளாகச் செய்யக்கூடிய ஆய்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் கண்டறிந்தவரின் பெயர் கண்டுபிடிப்போடு ஒட்டி நின்றது.

1986: எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட ஆய்வு

எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது இல்லை, வரவும் வராது என்ற எண்ணமே அப்போது பரவலாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் முதுகலை ஆய்வேட்டுக்காக இதையே ஆராயச் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32.

பாலியல் தொழிலாளர்களை மருத்துவமனையிலும் பெண்கள் காப்பகத்திலும் சந்தித்துப் பேசி, 80-க்கும் மேற்பட்டோரிடம் நிர்மலா இரத்த மாதிரி எடுத்தார். கையுறை இல்லை. பரிசோதிக்கும் நாள்வரை மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தன. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தக் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துச் சென்றார்.

எலைசா பரிசோதனை வசதி சென்னையில் இல்லை. எனவே 1986 பிப்ரவரியில் மாதிரிகளை அவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு ஜேக்கப் ஜானின் நச்சுயிரியல் ஆய்வகத்தில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அமெரிக்காவில் செய்யப்பட்ட மறு பரிசோதனையும் முடிவை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக இப்படித்தான் தெரியவந்தது.

ஆய்வுக் கட்டுரை 1987-இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளிவந்தது. அதன் முதல் மூன்று பெயர்கள் வேலூர் ஆய்வகத்தைச் சேர்ந்த சிமோஸ், பாபு, ஜான் ஆகிய ஆண்களுடையவை. நிர்மலா நான்காவது, சுனிதி சாலமன் ஐந்தாவது. வேலூரின் ஆய்வகத் திறன் இல்லாமல் அந்த முடிவு கிடைத்திருக்காது என்பது உண்மை. கேள்வியை எழுப்பியவரும் மாதிரிகளைத் திரட்டியவரும் நடுவில் நிற்கிறார்கள் என்பதும் உண்மை. மேற்கோள்களில் அக்கட்டுரை ‘சிமோஸ் மற்றும் பிறர்’ ஆயிற்று.

நிர்மலா தம் ஆய்வேட்டை 1987-இல் சமர்ப்பித்துத் தேர்ச்சி பெற்றார். பின்னர் கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பணியில் சேர்ந்து 2010-இல் ஓய்வுபெற்றார். அவரது பங்கு பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல் வெளியான செய்திக் கட்டுரைகள் வழியாகத்தான். சுனிதி சாலமன் 1993-இல் எய்ட்ஸ் சிகிச்சைக்கான ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015-இல் மறைந்த அவருக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெயர் வரிசையும் பதவி உயர்வும்

இந்தியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் கணக்கிடப்படுகின்றன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2015-ஆம் ஆண்டு விதிப்படி, முதல் இரண்டு கட்டுரையாளர்களுக்கு மட்டுமே அது கணக்கில் சேரும். 2020-இல் இது முதல் மூவர் அல்லது தொடர்புக்குரிய கட்டுரையாளர் என்று தளர்த்தப்பட்டது. இந்த அளவுகோலை 1987-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பொருத்திப் பார்த்தால், நான்காவது பெயரும் ஐந்தாவது பெயரும் வரிசையில் நிற்கும் இடத்துக்காக எந்த மதிப்பெண்ணும் பெறா. வரிசையில் ஓர் இடம் தள்ளிப்போவது, புகழை மட்டுமல்லாமல் வேலையையும் சம்பளத்தையும் தொடும் செய்தி.

துறைவாரி வேறுபாடு

அமெரிக்காவின் ஆறு முன்னணி மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, இந்த இடைவெளியை எண்களில் காட்டியது. 1970-இல் முதல் கட்டுரையாளர்களில் பெண்கள் 5.9 சதவீதம். 2004-இல் அது 29.3 சதவீதமாக உயர்ந்தது. கடைசிப் பெயருக்குரிய மூத்த கட்டுரையாளர்களில் 3.7 சதவீதம் 19.3 ஆனது.

துறைக்குத் துறை நிலை வேறுபட்டது. மகப்பேறு மருத்துவ இதழில் 2004-இல் முதல் கட்டுரையாளர்களில் பெண்கள் 40.7 சதவீதம்; குழந்தை மருத்துவ இதழில் 38.9, அறுவை மருத்துவ இதழில் 16.7 மட்டுமே. பெண் மருத்துவருக்கு ‘ஏற்றது’ என்று சமூகம் முன்பே ஒதுக்கிய துறைகளில் பெண்களின் பெயர் முன்னேறியது, மற்றவற்றில் பின்தங்கியது.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

இத்தகைய கணக்கெடுப்புகள் முதற்பெயரைக் கொண்டே ஆணா பெண்ணா என்று பிரிக்கின்றன. தமிழ்ப் பெயர்கள் இதற்கு எளிதில் இடம்தருவதில்லை. நம் வழக்கில் இனிஷியல் என்பது தந்தையின் அல்லது கணவரின் பெயரைக் குறிப்பது. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறினால், ஒரே பெண் எழுதிய கட்டுரைகள் தரவுத்தளத்தில் இரண்டு பேர் எழுதியவைபோலப் பிரிந்துவிடக்கூடும். சில இதழ்கள் சொந்தப் பெயரையே ஓரெழுத்தாகச் சுருக்கி அச்சிடும்போது எழுதியவர் பெண் என்பதே மறைந்துபோகும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் நிலையான அடையாள எண் வழங்கும் ‘ஆர்கிட்’ முறை 2012-இல் தொடங்கப்பட்ட பின் பெயர் மாறினாலும் கட்டுரைகளை ஒருவர் பெயரிலேயே சேர்த்துவைக்க வழி பிறந்தது. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்களின் பங்கைப் பழைய இதழ்களிலும் கல்லூரி நூலகங்களில் உறங்கும் ஆய்வேடுகளிலும்தான் தேடிக் கண்டறிய வேண்டும்.