பகடிவதைத் தடுப்பு (தமிழ்நாடு)

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவரை மூத்த மாணவர்கள் துன்புறுத்துவது பகடிவதை, பேச்சுவழக்கில் ராகிங். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு 1997இல் இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்பது தண்டனை. ஆனால் சட்டத்தின் கூர்மை அங்கே இல்லை: புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்பதில்தான் இருக்கிறது. கூச்சத்தைப் போக்கும் விளையாட்டுதானே என்று வாதிடுவோர் உண்டு. மறுக்க முடியாதவரிடம் ஆடுவது எப்படி விளையாட்டாகும்? தவிர, கேலி எளிதாகப் பற்றிக்கொள்வது சாதி, நிறம், பேச்சு, வறுமை ஆகியவற்றைத்தான். 2009இல் விதிகள் வகுத்த பல்கலைக்கழக மானியக் குழு, 2016இல் இத்தகைய பாகுபாடுகளையும் ராகிங் வரையறைக்குள் கொண்டுவந்தது. மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு இந்த விதிகளில் பொருட்டில்லை.