அலுவலக மென்பொருளில் அசைவூட்டக் குறும்படம்: பவர்பாயின்ட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மேடைப் பேச்சாளருக்குத் துணையாக உருவான பவர்பாயின்ட் மென்பொருள் இன்று அசைவூட்டக் குறும்படங்களை உருவாக்கவும் பயன்படுகின்றது. படவில்லை திரையில் நிற்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு, பேச்சாளரின் கையிலிருந்து கோப்புக்குப் படிப்படியாக மாறியதே இதற்கு வழிவகுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இவ்வகைப் படங்களுள் பெரும்பகுதி வெட்டுரு அசைவூட்ட மரபோடு தொடர்புடையது என்பதும், அவற்றின் மூலக் கோப்பு வரலாற்று ஆவணமாகப் பேணத்தக்கது என்பதும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பவர்பாயின்ட், அசைவூட்டம், படவில்லை, வெட்டுரு, இடைச்சட்டகம், மூலக் கோப்பு.

முன்னுரை

அசைவூட்டத்தின் வரலாறு பெரும்பாலும் படக்கூடங்களின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. ஓவியர் குழு, ஒளிப்படக் கருவி, தனித்தேர்ச்சி வேண்டும் மென்பொருள் ஆகியவை அதில் முதன்மை பெறுகின்றன. ஆசிரியரும் மாணவரும் தமக்கு வாய்த்த அலுவலக மென்பொருளைக் கொண்டு ஆக்கிய குறும்படங்கள் அவ்வரலாற்றின் விளிம்பிலேயே நிற்கின்றன. இக்கருவி அசைவூட்டத்திற்கென உருவானதன்று என்பது உண்மை. எனினும், அதில் எவ்வகை அசைவு இயல்கின்றது, அது எந்த மரபைச் சார்ந்தது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அப்படங்களின் இடத்தை வரையறுத்தல் தகும்.

1. பேச்சாளருக்கான பக்கம்

ஃபோர்தாட் நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் வகுத்த திட்டத்தின்படி டென்னிஸ் ஆஸ்டினும் தாமஸ் ரட்கினும் இம்மென்பொருளை உருவாக்கினர். தொடக்கத்தில் இதற்கு ‘பிரசென்டர்’ என்பது பெயர். 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பதிப்பு, கறுப்பு வெள்ளையில் பக்கங்களை அமைத்து, ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குரிய ஒளிபுகு தாள்களை ஆக்க உதவியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு ஃபோர்தாட் நிறுவனத்தை வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990இல் வந்தது.

இக்கட்டத்தில் படவில்லை என்பது காலமற்ற ஒரு பக்கம். பேச்சாளர் பேசும்வரை அது திரையில் நிற்கும். அவர் தாளை மாற்றினால் மறையும். 1992இல் வெளிவந்த 3.0 பதிப்பு, கணினியிலிருந்து நேரடியாகத் திரையில் காட்டுதற்கு ஏற்ப ஒரு படவில்லை மற்றொன்றாக மாறும் விளைவுகளைத் தந்தது. அப்போதும் பக்கம் புரட்டும் கை பேச்சாளருடையதாகவே இருந்தது.

2. கோப்புக்குள் காலம்

1990களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் எழுத்தும் படமும் திரைக்குள் நுழையும் விளைவுகள் இடம்பெற்றன. பெரிய திருப்பம் 2001இல் வெளிவந்த ‘பவர்பாயின்ட் 2002’ பதிப்பில் நிகழ்ந்தது. உரு நுழைதலோடு, வெளியேறுதல், இருந்த இடத்திலேயே சுழலுதல், வரையப்பட்ட இயக்கப்பாதையில் நகருதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. ஓர் அசைவு சுட்டியைச் சொடுக்கும்போது தொடங்குமா, முந்தைய அசைவுடன் சேர்ந்து தொடங்குமா, அது முடிந்த பின் தொடங்குமா என்பதையும், அதன் கால அளவையும், தாமதத்தையும் முன்கூட்டியே குறித்துவைக்க முடிந்தது. பல உருக்கள் ஒரே நேரத்தில் அசையும் காட்சி இதனால் இயன்றது.

2010ஆம் ஆண்டுப் பதிப்பு, கோப்பை நேரடியாகக் காணொளியாகச் சேமிக்கும் வசதியை அளித்தது. இதனால் காட்சியை ஓட்டப் பேச்சாளரும் வேண்டியதில்லை, மென்பொருளும் வேண்டியதில்லை. நிகழ்த்துகைக்கான கோப்பு திரைப்படமாக மாறிய கட்டம் இதுவே.

3. வெட்டுரு மரபும் படவில்லையும்

பவர்பாயின்ட்டில் அசைவூட்டம் இரு வழிகளில் ஆக்கப்படுகின்றது. முதலாவது, ஒவ்வொரு படவில்லையையும் ஒரு சட்டகமாகக் கொள்வது. ஒரு படவில்லையைப் படியெடுத்து, உருவைச் சிறிது நகர்த்தி, மீண்டும் படியெடுத்துத் தொடர்வர். நொடிக்கு 12 படங்கள் எனக் கொண்டால் ஒரு நிமிடத்திற்கு 720 படவில்லைகள் தேவை. எமில் கோல் 1908இல் உருவாக்கிய ‘ஃபான்டாஸ்மகோரி’ இரண்டு நிமிடத்திற்கும் குறைந்தது. அதற்கு ஏறத்தாழ 700 ஓவியங்கள் வரையப்பட்டன. ஓவியந்தோறும் பின்னணியை மீள வரையும் சுமையைக் குறைக்கவே, ஒளிபுகும் தாளில் அசையும் உருவை மட்டும் வரையும் முறைக்கு ஏர்ல் ஹர்டு 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மாறாத பின்னணியை ‘ஸ்லைடு மாஸ்டர்’ எனும் அடிப்படைப் படவில்லையில் ஒருமுறை வைத்துவிடும் இன்றைய வழக்கம் அதே சிக்கலுக்கான அதே தீர்வாகும்.

இரண்டாவது வழி, உருவின் உறுப்புகளைத் தனித்தனி வடிவங்களாக அமைத்து அசைப்பது. இது வெட்டுரு அசைவூட்டம். லோட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ கருந்தாளில் வெட்டப்பட்டு மூட்டுகளில் இணைக்கப்பட்ட நிழலுருக்களால் ஆனது. தோற்பாவைக் கூத்தின் பாவையைப் போன்று, அங்கு உருவின் அசைவு மூட்டைச் சார்ந்தது.

பவர்பாயின்ட்டில் மூட்டு என்பது இல்லை. சுழற்சி விளைவு எவ்வுருவையும் அதன் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டே சுழற்றும். எனவே கையைச் சுழற்றினால் அது தோளிலிருந்து அசையாது, முழங்கையை அச்சாகக் கொண்டு காற்றாடிபோல் சுற்றும். இக்குறையைப் பயனர்கள் ஓர் எளிய உத்தியால் கடந்தனர். கைக்கு நிகரான, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வடிவத்தைத் தோளுக்கு அப்பால் எதிர்த்திசையில் வைத்து இரண்டையும் ஒரே தொகுதியாக்குவர். அப்போது தொகுதியின் நடுப்புள்ளி தோளில் அமையும். கை தோளிலிருந்தே அசையும். மென்பொருள் தராத மூட்டைப் பயனரே ஆக்கிக்கொண்டதற்கு இது சான்று.

4. இடைச்சட்டகம் யார் பணி?

படக்கூட மரபில் தலைமை ஓவியர் அசைவின் முதன்மை நிலைகளை வரைவார். இடைப்பட்டவற்றைத் துணை ஓவியர் நிரப்புவர். இவ்விடைச்சட்டகப் பணியைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சியில், கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வைனும் 1970களின் தொடக்கத்தில் முன்னோடிகளாயினர். அவர்களது முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் உருவாக்கிய ‘பசி’ எனும் குறும்படம் 1974இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பெற்றது.

ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய அக்கருத்து அலுவலக மென்பொருளுக்கு வந்துசேர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. ஆப்பிள் நிறுவனத்தின் கீநோட் மென்பொருளில் ‘மேஜிக் மூவ்’ 2009இலும், பவர்பாயின்ட்டில் ‘மார்ஃப்’ 2015இலும் அறிமுகமாயின. அடுத்தடுத்த இரு படவில்லைகளில் ஒரே உருவை வெவ்வேறு இடத்திலும் அளவிலும் வைத்தால், இடைப்பட்ட நிலைகளைக் கணினியே நிரப்புகின்றது.

ஆயினும் கலைஞரின் பணி முற்றிலும் நீங்கவில்லை. கணினி இடத்தையும் அளவையும் கணக்கிடும், எடையை உணராது. கீழே விழும் கல்லும் இறகும் அதற்கு ஒன்றே. எது விரைய வேண்டும், எது தயங்க வேண்டும் என்பதை நொடியளவில் முடிவு செய்பவர் படைப்பாளியே. கருவி எளிதானபின் படைப்பாளியின் தேர்ச்சி கைவரைவிலிருந்து காலக்கணிப்பை நோக்கி நகர்கின்றது எனலாம்.

5. மூலக் கோப்பும் அதன் அழிவும்

காணொளியாகச் சேமித்தவுடன் படம் முடிந்தது எனக் கருதி மூலக் கோப்பை நீக்கிவிடுதல் எளிது. காணொளி தோற்றத்தை மட்டுமே காக்கும், செய்முறையைக் காக்காது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பவர்பாயின்ட் கோப்பு, எக்ஸ்எம்எல் உரைக்கோப்புகளும் படங்களும் அடங்கிய ஒரு ஜிப் பொதியாக அமைகின்றது. இவ்வடிவம் 2008இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. எந்த உறுப்பு எத்தனை மில்லிநொடி அசைந்தது, எது எதனுடன் சேர்ந்து தொடங்கியது என்பன அதில் எழுத்தாகவே பதிவாகியுள்ளன. மேற்கூறிய கண்ணுக்குத் தெரியாத வடிவமும் அங்குதான் காணக்கிடைக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்குக் கூடுதலான ஓர் இடர் உண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியாக்கங்களைப் பின்பற்றின. அவ்வெழுத்துருவில் தட்டச்சிட்ட தலைப்பும் உரையாடலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே கோப்புடன் எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது. காணொளி, மூலக் கோப்பு, எழுத்துரு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தால்தான் அப்படத்தை எதிர்கால ஆய்வாளர் முழுமையாக ஆராய இயலும்.

முடிவுரை

பவர்பாயின்ட் அசைவூட்டக் கருவியாக மாறியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1987இல் பக்கமாக இருந்த படவில்லை, 2001இல் தனக்கான காலத்தைப் பெற்றது. 2010இல் பேச்சாளரிடமிருந்து விடுபட்டது. 2015இல் இடைச்சட்டகத்தைத் தானே நிரப்பத் தொடங்கியது. இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் எமில் கோல், ஹர்டு, ரைனிகர், பர்ட்னிக் ஆகியோர் எதிர்கொண்ட சிக்கல்களே மீண்டும் எழுந்துள்ளன. ஆகவே இக்குறும்படங்களை அசைவூட்ட வரலாற்றின் புறத்தே நிறுத்துதல் பொருந்தாது. கல்லூரிகளும் நூலகங்களும் அவற்றின் மூலக் கோப்புகளைத் திரட்டிப் பேணுதல், படக்கூடம் இல்லாதார் படைத்த அசைவூட்டத்தின் வரலாற்றை எழுதுதற்கு முதற்படியாக அமையும்.