கைகள் எழுதிய வரலாறு – 14: நெருப்புப் பறவை வந்த கிராமம்

மாஸ்கோவுக்கு வடகிழக்கே, இன்றைய இவானவா மாகாணத்தில் இருக்கிறது பலேக் கிராமம். தேவாலயங்களுக்குப் புனிதர் படங்கள் எழுதுவதே தலைமுறை தலைமுறையாக அவ்வூரின் பிழைப்பு. 1917 புரட்சிக்குப் பிறகு படம் கேட்பார் இல்லை. தேர்ந்த ஓவியர்கள் வயல் வேலைக்குப் போனார்கள்; மரச் சாமான்களுக்கு வண்ணம் பூசினார்கள்.

அவர்களில் ஒருவர் இவான் கோலிகோவ். 1920-களின் தொடக்கத்தில் மாஸ்கோ கைவினை அருங்காட்சியகத்தில் ஃபெதோஸ்கினோ ஊரின் கருப்புப் பெட்டிகளைப் பார்த்தார். 1795-இல் கொரபோவ் என்ற வணிகர் தொடங்கிவைத்த தொழில் அது. அங்கே தீட்டியது எண்ணெய் வண்ணம். கோலிகோவ் அதே கருப்பின் மேல், புனிதர் படங்களுக்குத் தன் ஊரார் குழைத்த முட்டை மஞ்சள்கரு வண்ணத்தால் எழுதிப் பார்த்தார். கலை அறிஞர் பகுஷின்ஸ்கி ஊக்கம் கொடுத்தார். 1924 டிசம்பர் 5 அன்று ஏழு ஓவியர்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் அவர்கள் படைப்புகள் பரிசு பெற்றன.

பெட்டிக்கு மூலப்பொருள் வெறும் அட்டை. மாவுப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி அழுத்துவார்கள். சூடான ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து அடுப்பில் உலர்த்தினால், மரம்போல் இறுகி ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் ஈடு கொடுக்கும். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. படம் முடிந்ததும் பொன் தாளை அரைத்து மயிரிழைக் கோடுகள் இழுத்து, ஓநாய்ப் பல்லால் தேய்த்து மினுக்குவார்கள். அதன்மேல் அரக்குப் பூச்சு பலமுறை ஏறும்.

மூடியில் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் இளவரசன் இவான் சாம்பல் ஓநாயின் மேல் பறக்கிறான். நெருப்புப் பறவை சிறகு விரிக்கிறது. கவிஞர் புஷ்கினின் சல்தான் மன்னன் கதை விரிகிறது. ஆனால் பின்னணியில் படிப்படியாக எழும் பாறைகளையும், நெடிதுயர்ந்த மெல்லிய உருவங்களையும், ஆடை மடிப்பில் ஓடும் பொற்கோடுகளையும் பாருங்கள். அத்தனையும் பழைய புனிதர் படங்களின் இலக்கணம். தேவாலயச் சுவரில் இடம் இழந்த கலை, உள்ளங்கை அளவு மூடியில் உயிர் தப்பியது. கதை மாந்தர்களே அதைக் காப்பாற்றினார்கள்.

அச்சுப் படம் ஒட்டிய போலிகளும் இன்று சந்தையில் உண்டு. வாங்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தூரிகைக் கோடுகளைத் தேடுங்கள். உழைத்த கைக்கு உரிய விலை போய்ச் சேரட்டும்.

(அடுத்த வாரம்: பலேக்கின் அண்டை ஊர்கள் ம்ஸ்த்யோரா, ஹொலுய்)