ஒன்று, நாலு, ஐந்து: நட்பும் கிளையும் ஆதிக்கமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. பஸ் பழுதாகி நின்றுவிட்டால் 'பதினாலாவது வளைவில் நிற்குது' என்பார்கள். அங்கே உயரம் எத்தனை அடி என்று யாரும் சொல்வதில்லை. மேலே சேர்வராயன் கோயில் 5,326 அடியில் இருக்கிறது என்பது நில அளவைக்காரர்களின் எண்; வளைவு எண் வழிப்போக்கனுடையது. இசையிலும் இப்படி இரண்டு எண்ணிக்கைகள் உண்டு. கிட்டார் பழகுகிறவர்கள் குழம்புவது இவ்விரண்டுக்கும் இடையில்தான்.

'எத்தனை கட்டை?' என்று கேட்கிறோமே, அது ஆர்மோனியக் கட்டைகளின் வரிசை. ஒரு கட்டை சி, நாலு எஃப், ஐந்து ஜி. இவை மாறாத இடங்கள். ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் ச. கார்ட் எண்களும் இந்த ச-வைப் போன்றவை: இடத்தைச் சொல்லாமல் உறவைச் சொல்கின்றன. ஐந்து கட்டையில் ஒன்று-நாலு-ஐந்து என்றால் ஜி, சி, டி. பாடகருக்குத் தொண்டை கட்டி நாலு கட்டைக்கு இறங்கினால் எஃப், பி ஃபிளாட், சி. பெயர்களை மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார். எண்ணைப் பிடித்துக்கொண்டவர் கையை நகர்த்திவிட்டுப் போவார். மேஜர் ஸ்கேலில், அதாவது நம் சங்கராபரணத்தில், எந்தக் கட்டையானாலும் 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்ட்.

இந்த எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபோக்லர் ரோமன் எண்களைப் பயன்படுத்தினார். 1817 முதல் 1821 வரை வெளிவந்த தன் நூலில் கோட்ஃப்ரீட் வேபர், மேஜருக்குப் பெரிய எண், மைனருக்குச் சிறிய எண் என்று முறைப்படுத்தினார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பாடகர் நீல் மேத்யூஸ் சாதாரண எண்களாலேயே பாட்டுகளைக் குறித்தார். ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர்கள் அதைத் தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள்.

எண்ணோடு பெயரும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயரிடுவது உரிமை கொண்டாடும் செயல். சேர்வராயன் மலை ஆங்கிலேயர் வாயில் 'ஷெவராய்ஸ்' ஆன கதை நமக்குத் தெரியும். ஐந்தாவதை 'டாமினன்ட்' என்றும் நான்காவதை 'சப்டாமினன்ட்' என்றும் அழைக்கும் வழக்கு 1720களில் ராமோ எழுதிய நூல்கள் வழியே வேரூன்றியது. ஆதிக்கம் செய்வது, அதற்குக் கீழானது: படிநிலையின் சொற்கள். சிலப்பதிகார உரை மரபிலோ நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், அந்தப் பழைய பாலைக் கணக்குகளிலிருந்தே நம் சுரங்களைத் தேடினார். எண் அதேதான், ஒரு மொழி அங்கே அரசாங்கத்தைக் கேட்டது, மற்றது சொந்தபந்தத்தைக் கேட்டது.

இதை வைத்து 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று சொல்லிவிட முடியாது. நம் உரை மரபில் மூன்றாவதும் ஆறாவதும் பகை. ஐரோப்பியக் கார்டோ அந்த மூன்றாவதை நடுவில் வைத்துத்தான் கட்டப்படுகிறது. மேஜரா மைனரா என்று தீர்மானிப்பதும் அதுதான். ச-க-ப என்று முதல் கார்டை மீட்டும்போது நின்ற நரம்பும் பகையும் கிளையும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. வரிசையாகப் பாடும் இசையின் உறவுக் கணக்கு, ஒருசேர ஒலிக்கும் இசைக்கு அப்படியே பொருந்தாது.

இந்தச் சிக்கல் எனக்கு ஏட்டோடு நிற்கவில்லை. சேர்வராயன் கோயிலில் மே மாதத் திருவிழாவுக்குப் பாடும் பாட்டுகளுக்குக் கார்ட் போட்டுத் தரச்சொல்லி இளைஞர்கள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் கார்டில் ச அடித்தளம். நான்காவதில் (ம-த-ச) அதே ச விருந்தாளி. ஐந்தாவதில் (ப-நி-ரி) ச இல்லவே இல்லை. அந்த இல்லாமைதான் கேட்பவரை வீடு திரும்ப ஏங்கவைக்கிறது; ஐந்தாவதின் 'ஆதிக்கம்' என்பதே இதுதான். சுருதிப்பெட்டியை நம்பிப் பாடும் பாட்டுக்கோ ச ஒரு கணமும் அகலாது.

ஆகவே அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள், எந்தக் கட்டைக்கும் போக விடுதலை தருபவை அவை. ஆனால் ஐந்துக்குப் போகும்போது பாட்டின் ச-வை எந்தத் தந்தியாவது பிடித்துக்கொண்டிருக்கட்டும். புத்தகம் அதைக் கலப்புக் கார்ட் என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.