தைப்பொங்கல்

தை முதல் நாள், புத்தரிசியைப் பாலும் வெல்லமும் சேர்த்து வாசலில் பொங்கிச் சூரியனுக்குப் படைக்கும் தமிழர் அறுவடைத் திருநாள். ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். 'பொங்கு' என்ற வினையே சோற்றுக்கும் பண்டிகைக்கும் பெயராயிற்று.

இந்த நாளைக் குறித்துக் கொடுத்தது வானத்தைவிடச் சம்பா நெல்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆவணி வாக்கில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையில் தழைக்கும் அந்த நீண்டகாலப் பயிர் தையில் களத்துக்கு வரும். கரும்பும் மொச்சையும் கிழங்குகளும் அப்போதுதான் கூடிவரும். இலையும் கிழங்குமாகப் பிடுங்கிய பச்சை மஞ்சள் கொத்தைப் பானையின் கழுத்தில் கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பொங்கலோடு நில்லாமல், தைப்பூசத்தன்று வயலில் முதல் கதிர் அறுத்துப் 'புதிர் எடுக்கும்' வழக்கமும் உண்டு.

சூரியன் மகர ராசியில் நுழையும் நாள் என்பதால் இதை உத்தராயணத் தொடக்கமாகவும் கொள்கிறார்கள். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இலேயே. புவியச்சு மெல்லத் தள்ளாடுவதால் ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிவந்திருக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அவை ஒரே நாளில் நிகழ்ந்தன.

சங்க நூல்களில் வரும் தைந்நீராடலைப் பொங்கலின் தொடக்கம் என்று பலர் எழுதுகிறார்கள். அது இளம்பெண்கள் நோன்பிருந்து நீராடிய சடங்கு. அடுப்பும் புதுப்பானையும் அதில் இல்லை. அதே மாதம் என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல. ஆனால் புதுக்கலத்தில் பொங்கிய பால் பொங்கலைச் சங்க நூல்களுக்குப் பிந்தைய காப்பியமான சீவக சிந்தாமணி சொல்கிறது.

பொங்கலுக்கு முந்தைய நாள் போகி. பழையன கழித்து வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பொங்கலுக்கு மறுநாள், உழைத்த மாட்டுக்கு: குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கலூட்டுவார்கள். பிறகு காணும் பொங்கல், உறவைப் பார்க்கும் நாள்.

சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது பொங்கல் நாளான 1969 ஜனவரி 14-இல். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என 2008-இல் இயற்றிய சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது.

இன்று பச்சரிசியும் கரும்பும் ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பில் வருகின்றன. அடுப்பு பல வீடுகளில் கேஸ் அடுப்பு. ஆனாலும் அன்று காலை எதிர்ப்படுபவரிடம் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை: "பால் பொங்கிச்சா?"